காட்டுப்பாதை வண்டி: வாங்குவது முதல் சேற்றிலிருந்து மீட்பது வரை, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃபோர் வீல் டிரைவ் வண்டி புதிதாக வாங்கியவர்களும் வாங்கப்போகிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பலர் எடுத்த எடுப்பில் கேட்பது வண்டியை உயர்த்தும் லிஃப்ட் கிட் பற்றி. முதலில் தெரிந்துகொள்ள வேண்டியதோ டயர் காற்றும் இழுவைக் கொக்கியும். அதனால் எது எனக்கு முக்கியமாகப் படுகிறதோ அதற்குத்தான் இங்கே அதிக இடம்.

எஸ்யூவி என்றாலே ஆஃப்-ரோடு வண்டிதானே?

இல்லை. பார்க்க உயரமாக, மிடுக்காக இருக்கும் பல எஸ்யூவிகளில் முன்சக்கரம் இரண்டுதான் வண்டியை இழுக்கும். ஆல் வீல் டிரைவ் இருந்தால் மழைச் சாலைக்கும் மண் சாலைக்கும் போதும். கரடுமுரடான பாதைக்கென்றே வாங்குவதானால் முதலில் லோ ரேஞ்ச் இருக்கிறதா என்று பாருங்கள். கியர்பாக்ஸுக்குப் பின்னால் உள்ள டிரான்ஸ்ஃபர் கேஸில் கூடுதலாக ஒரு பல்சக்கரத் தொகுதி இருக்கும். அதைப் போட்டால் எஞ்சின் அதே வேகத்தில் சுற்றும். சக்கரம் மட்டும் மெதுவாகச் சுற்றும். முறுக்குவிசை அதே மடங்குக்குக் கூடும். சுசுகி ஜிம்னியில் இது சுமார் 2 மடங்கு, ஜீப் ராங்ளர் ரூபிகானில் 4 மடங்கு. கிளட்சைத் தேய்க்காமல், நடை வேகத்துக்கும் கீழே பாறை மேல் ஏறி இறங்க முடிவது இதனால்தான். விளம்பரத்தில் போடும் குதிரைத்திறன் எண்ணுக்கு அங்கே பெரிய வேலை இல்லை.

அடுத்தது கோணங்கள். முன் பம்பர் இடிக்காமல் எவ்வளவு செங்குத்தான மேட்டைத் தொட முடியும், பின் பம்பர் தட்டாமல் எப்படி இறங்க முடியும், நடுவயிறு உட்காராமல் எவ்வளவு கூரான மேட்டைத் தாண்ட முடியும் என்று மூன்று. சின்ன வண்டி பல இடங்களில் பெரிய வண்டியைத் தூக்கிச் சாப்பிடுவது இந்தக் கோணங்களாலும் எடை குறைவாக இருப்பதாலும்தான்.

ஃபோர் வீலிலேயே எப்போதும் ஓட்டலாமா?

வண்டியைப் பொறுத்தது. பார்ட்-டைம் அமைப்பு என்றால் ஃபோர் வீல் போட்டதும் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். வளைவில் திரும்பும்போது முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிடப் பெரிய வட்டம் போடுகின்றன. மண்ணிலும் சேற்றிலும் அந்த வித்தியாசத்தைச் சக்கரம் கொஞ்சம் வழுக்கிச் சரிக்கட்டிவிடும். காய்ந்த தார்ச்சாலையில் வழுக்க வழியில்லாததால் முறுக்கம் முழுவதும் ஷாஃப்டிலும் பல்சக்கரங்களிலும் போய்ச் சேரும். ஸ்டியரிங் கனக்கும், வண்டி திக்கித் திக்கித் திரும்பும். அதற்கு மேல் பிடிவாதமாக ஓட்டினால் ஏதாவது உடையும். நடுவில் தனி டிஃபரன்ஷியல் (இரண்டு பக்கத்தையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் பல்சக்கரத் தொகுதி) உள்ள வண்டிகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. 1977-இல் வந்த லாடா நிவா அந்த வகைதான்.

பாதை கெடுவதற்கு முன்பே ஃபோர் வீலுக்கு மாறிவிடுங்கள். பல வண்டிகளில் லோ ரேஞ்ச் போட வண்டியை நிறுத்த வேண்டியிருக்கும். ஏற்றத்தின் நடுவில் நின்றுகொண்டு அந்த லீவரோடு மல்லுக்கட்டும் நிலை வேண்டாம்.

நாலு சக்கரமும் இழுக்கிறது என்கிறீர்கள். பிறகு எப்படி வண்டி மாட்டிக்கொள்கிறது?

டிஃபரன்ஷியல் வேலை செய்யும் விதம் அப்படி. சாதாரண டிஃபரன்ஷியல் இரண்டு பக்கச் சக்கரங்களுக்கும் ஒரே அளவு முறுக்குவிசையைத்தான் கொடுக்கும். ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கினால் அதைச் சுற்ற விசையே வேண்டாம். ஆக, தரையில் உள்ள சக்கரத்துக்கும் ஏறக்குறைய ஒன்றும் போகாது. முன் அச்சில் ஒரு சக்கரமும் பின் அச்சில் எதிர்ப்பக்கச் சக்கரமும் தூக்கிக்கொண்டால் ஃபோர் வீல் இருந்தும் வண்டி அசையாது.

இன்றைய வண்டிகளில் டிராக்‌ஷன் கன்ட்ரோல் சுழலும் சக்கரத்தை மட்டும் பிரேக் பிடித்து, எதிர்ச்சக்கரத்துக்கு விசையைத் தள்ளுகிறது. அது வேலை செய்யச் சில நொடிகள் ஆகும். ஆக்சிலரேட்டரை நிதானமாக, ஒரே அளவில் பிடித்திருக்க வேண்டும். படபடவென்று மிதித்து மிதித்து விட்டால் அதற்கும் குழப்பம்தான். லாக்கர் இரண்டு சக்கரத்தையும் ஒன்றாகப் பூட்டிவிடும். அருமையான கருவி, ஆனால் பூட்டிய நிலையில் வண்டி லேசில் திரும்பாது. வேண்டிய இடத்தில் போட்டு, தாண்டியதும் எடுத்துவிட வேண்டும்.

கையில் கொஞ்சம் பணம் இருக்கிறது. முதலில் எதை மாற்றுவது?

டயர். அதற்கு முன் வேறு எதையும் தொட வேண்டாம் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். தரையைத் தொடுவது அது ஒன்றுதான்.

ஷோரூமிலிருந்து வரும் பெரும்பாலான வண்டிகளில் நெடுஞ்சாலை டயர்தான் இருக்கும். சேறு பட்டால் அதன் கோடுகள் நிரம்பி வழவழப்பாகிவிடும். கூரான கல் பக்கச்சுவரைக் கிழித்துவிடும். ஆல்-டெரைன் டயர் பெரும்பாலானவர்களுக்குப் போதும். மட்-டெரைன் டயர் சேற்றில் அபாரம். ஆனால் தார்ச்சாலையில் இரைச்சல் போடும், மழையில் பிரேக் பிடிக்கும் தூரம் கூடும், எரிபொருளும் அதிகம் குடிக்கும். வாரம் முழுவதும் வேலைக்குப் போகும் வண்டிக்கு அதைப் போடுவது வீண் தொல்லை. ஸ்டெப்னியும் அதே அளவில் இருக்கட்டும்.

டயருக்குப் பிறகு என் வரிசை: முன்னும் பின்னும் உறுதியான இழுவைக் கொக்கிகள், ஒரு நல்ல காற்று கம்ப்ரசர், அடிப்பகுதிக்கு இரும்புக் கவசம். மற்றவை எல்லாம் அந்த வண்டியைக் கொஞ்ச காலம் ஓட்டிப் பார்த்த பிறகு. எங்கே தட்டுகிறது, எங்கே இழுவை போதவில்லை என்று வண்டியே காட்டிக்கொடுக்கும்.

காற்றைக் குறைக்கச் சொல்கிறார்களே, எவ்வளவு?

காசு செலவில்லாமல் வண்டியின் திறனைக் கூட்டும் வழி இது ஒன்றுதான். ஆச்சரியமாக, அதிகம் பேர் செய்யாததும் இதுதான். காற்று குறையும்போது டயர் தரையில் பதியும் இடம் நீளமாகிறது. எடை பரவுவதால் மணலில் புதைவது குறையும். பாறையின் மேடுபள்ளத்துக்கு ஏற்ப ரப்பர் வளைந்து பிடிக்கும். சரளைப் பாதையில் குலுக்கலும் குறையும்.

சாலையில் 35 பிஎஸ்ஐ வைக்கும் வண்டி என்று வைத்துக்கொள்வோம். சரளைக்கு 26 முதல் 28. பாறைக்கு 20-ஐ ஒட்டி. மணலுக்கு 16 முதல் 18. மணலில் நன்றாகப் புதைந்துவிட்டால், வெளியே வருவதற்கு மட்டும் 12 வரை இறக்கலாம். அதற்கும் கீழே போனால் திருப்பத்தில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும் அபாயம் உண்டு. எடை கூடிய வண்டிக்கு இந்த எண்கள் கொஞ்சம் மேலே போகும்.

காற்றைக் குறைத்தால் வேகத்தையும் குறைக்க வேண்டும். குறைந்த காற்றில் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி விரிந்து சூடாகும். அந்த நிலையில் நெடுஞ்சாலையில் விரட்டினால் டயர் வெடிக்கும். தார்ச்சாலை தொடங்கும் இடத்திலேயே நிறுத்தி நாலுக்கும் காற்றடித்துவிட்டுக் கிளம்புங்கள். கம்ப்ரசர் இல்லாதவர் காற்றை இறக்கவே கூடாது.

லிஃப்ட் கிட் போட்டால் கிரவுண்ட் கிளியரன்ஸ் கூடுமா?

பாதி உண்மை. சஸ்பென்ஷன் லிஃப்ட் சேஸிஸையும் பாடியையும் உயர்த்தும், கோணங்கள் கூடும், பெரிய டயருக்கு இடம் கிடைக்கும். ஆனால் இரண்டு சக்கரத்தையும் ஒரே தண்டில் மாட்டும் திட அச்சு உள்ள வண்டியில் மிகத் தாழ்ந்த பகுதி அச்சின் நடுவில் உருண்டையாகத் தொங்கும் டிஃபரன்ஷியல். அது சக்கரத்தோடு சேர்ந்த பகுதி. ஸ்பிரிங்கை எவ்வளவு உயர்த்தினாலும் அது இருந்த உயரத்தில்தான் இருக்கும். அதை உயர்த்தப் பெரிய டயர் ஒன்றே வழி, அதுவும் விட்டம் கூடியதில் பாதிதான். 30 அங்குல டயரை 32 ஆக்கினால் கிடைப்பது 1 அங்குலம்.

உயர்த்துவதற்கு ஒரு விலையும் உண்டு. எடையின் மையம் மேலே போவதால் சரிவில் வண்டி சாயும் வாய்ப்பு கூடும், நெடுஞ்சாலையில் சட்டென்று திருப்பினால் தள்ளாடும். திட முன்அச்சு வண்டியில் ஸ்டியரிங்கை நேராக நிற்க வைக்கும் கேஸ்டர் கோணம் குறைந்து ஸ்டியரிங் அலையத் தொடங்கும். தனித்தனி சஸ்பென்ஷன் என்றால் சக்கரத்துக்குப் போகும் தண்டு மடங்கிச் சுழல உதவும் சிவி ஜாயின்ட்டுகள் அளவுக்கு மீறி மடங்கி, ரப்பர் உறை கிழிந்து, சீக்கிரம் தேயும். பிரேக் குழாய்க்கு நீளம் போதுகிறதா என்று பார்க்க வேண்டும். முகப்பு விளக்கைத் தாழ்த்திச் சரிசெய்யாவிட்டால் எதிரே வருபவரின் கண் கூசும்.

2 அங்குலம் வரை, தரமான ஸ்பிரிங்கும் அதற்குப் பொருத்தமான ஷாக் அப்சார்பரும் சேர்த்துப் போட்டால் பெரும்பாலான வண்டிகள் தாங்கிக்கொள்ளும். ஸ்பிரிங்குக்கு அடியில் வெறும் கட்டை வைத்து உயர்த்துவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

பெரிய டயரால் வேறு என்ன மாறும்?

வேகமானி பொய் சொல்லும். 30 அங்குலத்துக்குப் பதில் 33 போட்டால் வித்தியாசம் 10 சதவீதம்: முள் 60 காட்டும்போது உண்மை வேகம் 66. கியர் விகிதமும் அதே அளவு உயர்ந்துவிடுவதால் ஏற்றத்தில் வண்டி திணறும், பிரேக்குக்கு வேலை கூடும். ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து, ஒரு பக்கச் சக்கரத்தை மேட்டில் ஏற்றி, டயர் எங்கேயாவது உரசுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் காசு கொடுக்க வேண்டும்.

ஸ்னார்க்கல் இருக்கிறது. ஆழமான ஓடையில் இறங்கலாமா?

ஸ்னார்க்கல் என்பது உயரமான காற்றுக் குழாய், எஞ்சின் மூச்சு இழுக்கும் இடத்தை உயர்த்துகிறது. தூசிப் பாதையிலும் அது நல்ல உதவி. ஆனால் கதவு இடுக்கு, மின்சார இணைப்புகள், கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல் எதற்கும் அது காப்பு இல்லை. அதன் இணைப்புகளில் ஒரு சின்ன இடைவெளி இருந்தாலும் தண்ணீர் உள்ளே போய்விடும்.

எஞ்சினுக்குள் தண்ணீர் போனால் என்ன ஆகும்? காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. மேலே வரும் பிஸ்டன் தண்ணீரில் முட்டி நிற்க, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஓடைக்கு நடுவில் எஞ்சின் நின்றுவிட்டால் மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது. கரைக்கு இழுத்து வந்து, ஸ்பார்க் பிளக்கையோ டீசலானால் க்ளோ பிளக்கையோ இன்ஜெக்டரையோ கழற்றி, எஞ்சினைக் கையால் சுற்றித் தண்ணீரை வெளியேற்றிய பிறகுதான் சாவியைத் தொட வேண்டும்.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பதை இங்கே சொல்லுக்குச் சொல் கடைப்பிடிக்க வேண்டும், ஒரு மாற்றத்தோடு: சக்கரத்தை விடுவதற்கு முன் காலை விட்டுப் பாருங்கள். கையில் கம்போடு நடந்து, அடியில் மணலா, வழுக்குப் பாறையா, குழியா என்று தெரிந்துகொள்ளுங்கள். உங்களால் நடந்து கடக்க முடியாத ஓட்டத்தில் வண்டியையும் இறக்க வேண்டாம். ஓடும் தண்ணீர் 30 செ.மீ. இருந்தாலே பல சிறிய கார்கள் மிதந்து நகரும், 60 செ.மீ. பெரும்பாலான வண்டிகளை அடித்துக்கொண்டு போகும். 2020-இல் வந்த லேண்ட் ரோவர் டிஃபெண்டர் ஏர் சஸ்பென்ஷனோடு 900 மி.மீ. வரை தாங்கும் என்று அறிவிக்கப்பட்டிருப்பதை இந்தக் கணக்கோடு சேர்த்துப் படியுங்கள். அப்படிப்பட்ட எண்களை வெள்ளத்துக்குப் பொருத்திப் பார்க்கக் கூடாது.

இறங்கிவிட்டால் லோ ரேஞ்சில் ஒரே கியரில், பம்பருக்கு முன்னால் ஒரு சின்ன அலை எழும்பும் வேகத்தில், நிற்காமல் போக வேண்டும். நடுவில் கிளட்ச் மிதிக்க வேண்டாம்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. ஓடி ஓடிச் சூடான டிஃபரன்ஷியல் குளிர்ந்த தண்ணீரில் இறங்கியதும் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். சீல் வழியாகவும் மூச்சுக்குழாய் வழியாகவும் தண்ணீரை உறிஞ்சும். அந்த மூச்சுக்குழாயை ஒரு ரப்பர் குழாய் போட்டு எஞ்சின் அறை வரை உயர்த்திவிட்டால் போதும். மிகக் குறைந்த செலவில் முடியும் மாற்றங்களில் இதைவிடப் பயனுள்ளது எனக்குத் தெரியவில்லை.

ரூஃப் ரேக், இரும்பு பம்பர், கூடுதல் டேங்க் எல்லாம்?

ஒவ்வொன்றும் எடை. பயணிகள், சாமான்கள், மாட்டிய பாகங்கள் எல்லாம் சேர்ந்து வண்டியின் மொத்த எடை வரம்புக்குள் அடங்க வேண்டும். அந்த வரம்பு கையேட்டில் இருக்கிறது. கூரைக்குத் தனி வரம்பு. ரேக்கின் எடையும் அதில் சேரும். கரடுமுரடான பாதையில் அந்த வரம்பு இன்னும் குறையும். கனமானதைக் கீழே, இரண்டு அச்சுக்கும் நடுவில் வையுங்கள். முன் பம்பரை மாற்றும்போது ஏர்பேக் சென்சாரோடு ஒத்துப்போகும் வகைதானா என்று கேட்டு வாங்குங்கள்.

வண்டி புதைந்துவிட்டது. முதலில் என்ன செய்வது?

ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். பதறாத காரியம் சிதறாது. சக்கரம் சும்மா சுழலும் ஒவ்வொரு நொடியும் குழியை ஆழமாக்குகிறது. வந்த வழியில் ரிவர்ஸ் எடுக்க ஒரே ஒருமுறை மெதுவாக முயலுங்கள், ஏனென்றால் அந்தத் தடம் ஏற்கெனவே இறுகியிருக்கிறது. அசையவில்லையா, எஞ்சினை அணைத்துவிட்டு இறங்குங்கள்.

குனிந்து அடியில் பாருங்கள். வண்டியைப் பிடித்து வைத்திருப்பது பல நேரங்களில் சக்கரம் அல்ல, வயிறு. சேஸிஸோ டிஃபரன்ஷியலோ மணல்மேட்டில் உட்கார்ந்துவிட்டால் சக்கரத்துக்கு எடையே இறங்காது. எவ்வளவு சுற்றினாலும் பிடிக்காது. மண்வெட்டியை எடுத்து முதலில் அடியில் உள்ள மணலைத் தோண்டி வெளியே இழுங்கள். பிறகு ஒவ்வொரு சக்கரத்துக்கும் முன்னால், போகப்போகும் திசையில், சாய்வான ஒரு வழி வெட்டுங்கள். குழியின் செங்குத்தான உதடுதான் சக்கரத்தைத் தடுக்கிறது. அதை ஓர் அடி நீளத்துக்காவது சரிவாக்கிவிட்டால் பாதி வேலை முடிந்தது. காற்றை இன்னும் கொஞ்சம் இறக்குங்கள். டிராக்‌ஷன் பலகை (சக்கரத்துக்குப் பிடி கொடுக்கும் பல் வைத்த பலகை) இருந்தால் டயருக்கு அடியில் எவ்வளவு நுழையுமோ அவ்வளவு நுழைத்து, பல் டயர் மேல் படுமாறு வையுங்கள். லோ ரேஞ்ச், ஸ்டியரிங் நேராக, மெதுவான தொடக்கம். பலகையின் மேல் சக்கரம் சுழன்றால் பல் உருகிப் பலகை வீணாகும், பின்னால் பறக்கவும் செய்யும். யாரும் அங்கே நிற்கக் கூடாது.

தோண்டச் சோம்பல்படுபவர்களுக்கு ஒரு கணக்கு. ராணுவ மீட்புப் பணியில் பயன்படும் விதிப்படி, சக்கரம் வரை புதைந்த வண்டியை இழுக்க அதன் எடை அளவுக்கு விசை வேண்டும். மட்கார்டு வரை என்றால் 2 மடங்கு. மண்வெட்டியோடு கழியும் அரைமணி நேரம் கயிற்றின் மேல் விழும் சுமையைப் பாதியாக்கிவிடும்.

இன்னொரு வண்டியால் கயிறு கட்டி இழுக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

உயிர் போகும் இடம் இது. அதனால் நிதானமாகப் படியுங்கள்.

டிரெய்லர் மாட்டும் உருண்டையில் கயிற்றைக் கட்டக் கூடாது. அது சீரான சுமைக்காகச் செய்தது. வெட்டி இழுக்கும் சுமையில் ஒடிந்து, நீண்டிருக்கும் கயிற்றின் விசையோடு கண்ணாடியைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். இதில் இறந்தவர்கள் உண்டு. கப்பலில் ஏற்றும்போது கட்டுவதற்கென்று சேஸிஸில் வைத்திருக்கும் மெல்லிய வளையமும் ஆகாது. சேஸிஸில் போல்ட் போட்டு இறுக்கிய, தாங்கும் எடை குறித்த கொக்கி மட்டும்தான்.

கயிறு இரண்டு வகை. கைனெடிக் கயிறு நைலானில் செய்தது, 30 சதவீதம் வரை நீளும். அது சேமிக்கும் விசை வண்டியை மெல்லப் பிடுங்கி எடுக்கும். நீளாத பட்டையை வின்சுக்கும் (கயிற்றை உருளையில் சுற்றி இழுக்கும் கருவி) மெதுவாக இழுப்பதற்கும் மட்டும் பயன்படுத்துங்கள். அதை வைத்து ஓடி வந்து வெட்டி இழுத்தால் எதையாவது பிய்க்கும். இரண்டு கயிற்றைச் சேர்க்க வேண்டுமானால் ஒன்றின் முனை வளையத்துக்குள் மற்றதன் முனை வளையத்தைக் கோத்து, இறுகிவிடாமல் நடுவில் ஒரு மரக்கட்டை வையுங்கள். நடுவில் இரும்பு ஷேக்கிள் (ஆணி போட்டு மூடும் வளையம்) மட்டும் வேண்டாம். கயிறு அறுந்தால் அது தோட்டா. நார்க்கயிற்றில் பின்னிய சாஃப்ட் ஷேக்கிள் இதனால்தான் இவ்வளவு பேருக்குப் பிடித்துப்போனது. இரும்பு ஷேக்கிளை முனையில் போட்டால் ஆணியைக் கடைசி வரை திருகி, பிறகு கால் சுற்று தளர்த்துங்கள். இல்லாவிட்டால் இழுத்த பிறகு கழற்றவே முடியாமல் போகும்.

இழுக்கும் வண்டிக்கும் புதைந்ததற்கும் நடுவில் கயிறு சில அடி தொய்வோடு கிடக்கட்டும். மற்றவர்கள் கயிற்றின் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு தூரம் விலகி, பக்கவாட்டில் நிற்க வேண்டும். முதல் இழுப்பு நடை வேகத்தில். வரவில்லை என்றால் கொஞ்சம் கூட்டலாம். அதற்கும் வரவில்லை என்றால் மறுபடி மண்வெட்டி. வேகத்தைக் கூட்டிக்கொண்டே போவது தீர்வல்ல.

வின்ச் அவசியமா?

துணைக்கு வண்டி எப்போதும் வருமானால் கட்டாயம் இல்லை. வாங்குவதானால் வண்டியின் மொத்த எடையைப்போல் ஒன்றரை மடங்கு இழுக்கும் திறன் வேண்டும்: 3,000 கிலோ வண்டிக்கு 4,500 கிலோ. அந்த எண் உருளையின் முதல் சுற்று அடுக்குக்குத்தான் பொருந்தும். மேலே சுற்றச் சுற்ற இழுவிசை குறையும். ஒரு கப்பி போட்டுக் கயிற்றைத் திருப்பிக் கொண்டுவந்தால் விசை ஏறக்குறைய இரட்டிப்பாகும், வேகம் பாதியாகும். உருளையில் எஃகுக் கயிறானால் 5 சுற்றாவது, நார்க்கயிறானால் 10 சுற்றாவது மிச்சம் இருக்கட்டும். மரத்தில் கட்டும்போது அகலமான பட்டை போடுங்கள். கம்பி மரத்தின் தோலை அறுத்தால் மரம் பட்டுப்போகும். கயிற்றின் நடுவில் கனமான துணியோ பையோ போட்டு வையுங்கள், கையுறை போடுங்கள், விறைத்து நிற்கும் கயிற்றைத் தாண்டாதீர்கள்.

ஏற்றத்தில் பாதியிலேயே நின்றுவிட்டால்?

திருப்ப நினைக்காதீர்கள். சரிவுக்குக் குறுக்கே வரும் வண்டி உருளும். பிரேக்கை அழுத்திப் பிடித்து, லோ ரேஞ்சில் ரிவர்ஸ் போட்டு, வந்த தடத்திலேயே நேராக, எஞ்சின் பிடியில் இறங்குங்கள். கிளட்ச் மேல் கால் வேண்டாம்.

தனியாகப் போகலாமா?

சரளைப் பாதைக்குப் போகலாம். மணல், ஆழ்சேறு, ஓடை என்றால் இரண்டு வண்டியாவது வேண்டும். எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று வீட்டில் ஒருவருக்குத் தெரிந்திருக்கட்டும். செல்போன் சிக்னல் இல்லாத இடத்துக்குச் சாட்டிலைட் வழியே செய்தி அனுப்பும் கருவி நல்லது. சில நாடுகளில் அதற்கு அனுமதி வேண்டும், விசாரித்துக்கொள்ளுங்கள். லோ ரேஞ்சில் எரிபொருள் எதிர்பார்த்ததைவிட மிக வேகமாகத் தீரும். தண்ணீரும் அப்படித்தான்.

சேற்றைச் சுற்றிக்கொண்டு பாதைக்கு வெளியே போனால் என்ன?

பாதை அகலமாகும், அடுத்த மழையில் அங்கேயும் சேறாகும், ஒருநாள் அந்தப் பாதையையே மூடிவிடுவார்கள். பாதைக்குள்ளேயே போங்கள், முடியாது என்றால் திரும்பிவிடுங்கள்.

மாற்றங்கள் செய்தால் காப்பீடும் வாரண்டியும் என்ன ஆகும்?

நாட்டுக்கு நாடு விதி வேறு. சஸ்பென்ஷன், டயர் அளவு, பம்பர் எதை மாற்றுவதானாலும் முன்கூட்டியே காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். விபத்துக்குப் பிறகு கேட்டால் காலம் கடந்துவிடும்.

திரும்பி வந்ததும் வண்டியில் எதைப் பார்க்க வேண்டும்?

கழுவும்போது மேலே பளபளப்பாக்குவதைவிட அடியில் தண்ணீர் அடிப்பது முக்கியம். சேஸிஸ் இடுக்குகளில், பிரேக் தட்டுக்குப் பின்னால், ரேடியேட்டரின் இழைகளுக்குள் ஒட்டிய மண் காய்ந்தால் துருவும் சூடும் கொண்டுவரும். ரேடியேட்டரை மட்டும் அதிக அழுத்தத்தில் அடிக்காதீர்கள், இழை மடங்கிவிடும்.

ஓடையில் இறங்கியிருந்தால், ஓர் இரவு வண்டி நின்ற பிறகு, டிஃபரன்ஷியலின் அடி நட்டைக் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். தண்ணீர் எண்ணெயைவிடக் கனம் என்பதால் அடியில் தேங்கி முதலில் சொட்டும். எண்ணெய் தெளிவில்லாமல் பால்போல் வெளுத்து வந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. முழுவதையும் மாற்றிவிடுங்கள், பேரிங் போய்விட்டால் செலவு பல மடங்கு. சிவி ஜாயின்ட் உறைகளில் கிழிசல் இருக்கிறதா, டயரின் உள்பக்கச் சுவரில் வெட்டு இருக்கிறதா என்று கையால் தடவிப் பாருங்கள். சக்கரம் கழற்றி மாட்டியிருந்தால் 50 முதல் 100 கி.மீ. ஓடியதும் நட்டுகளை மறுபடி இறுக்க வேண்டும்.

கயிறுகளை மறந்துவிடாதீர்கள். நாருக்குள் புகுந்த மணல் உள்ளிருந்தே இழையை அறுக்கும். நல்ல தண்ணீரில் அலசி, வெயில் படாமல் நிழலில் உலர்த்தி, எங்காவது இழை பிரிந்திருக்கிறதா என்று முழு நீளத்தையும் கையில் ஓடவிட்டுப் பார்த்த பிறகு சுருட்டி வையுங்கள். பிரிந்திருந்தால் அந்தக் கயிற்றை இனி சாமான் கட்ட மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.